எட்டாம் வசனம்

பாளையங்கோட்டை,
லெந்து காலம், ஞாயிறு சாயங்காலம்.

கர்த்தருக்குள் என் அன்பு மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே நான் ஆண்டவர் கிருபையால் என் காலில் நின்று என் கையால் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் சுகத்தைப் பற்றிக் கேட்டால் வயதைத்தான் காரணம் சொல்ல வேண்டும். போன் இருக்கும்போது எதற்கு இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று கேட்டு வைத்துவிடுகிறாய். வார்டில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போவது போலத்தான் இருக்கிறது. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. உமர் பாரூக்கின் மகள் ரைஹானத் மேல்படிப்புக்கு உன் ஊருக்கே வருகிறாள், அவள் பெட்டியில் இதையும் இட்லிப்பொடியையும் வைத்து அனுப்புகிறேன். உமர் பாரூக்கை நீ மறந்திருக்க மாட்டாய், நான் பாபநாசம் வண்டியில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க அந்த வண்டியை ஓட்டியவர், உன்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஹாரன் அடிக்க விடுவார். பொடியில் காரம் கொஞ்சம் கூடிவிட்டது. அம்மா போடுகிற அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குழாயில் ஆற்றுத்தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கோயிலில் புதிதாக டிரம்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதில் விழுகிற அடியைக் கேட்டால் கடைசி எக்காளத்துக்கு வேலையே இருக்காது, அடக்கமானவர்கள் எல்லாம் முன்கூட்டியே எழுந்துவிடுவார்கள் போலிருக்கிறது. நான் பின்பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா உட்காருகிற பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருப்பதற்கும் அந்தத் தூண் ஒத்தாசையாக இருக்கிறது. பகலை எப்படியாவது ஓட்டிவிடுகிறேன், கொக்கிரகுளம் பாலம் வரை நடந்துபோய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன், தெரிந்தவர்கள் கண்டக்டர் சார் சுகமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார்கள். விளக்குப் போட்ட பிறகுதான் வீடு பெரிதாகிவிடுகிறது.

அது நம் வீட்டு ஜெப நேரம். நம் முறை உனக்குத் தெரியும். கோயிலில் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும்போது ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிப்பதைப் போல வீட்டில் ஒற்றைப்படை வசனம் நான், இரட்டைப்படை வசனம் அம்மாவும் நீயும். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதிலேயே அம்மா மடியில் இருந்துகொண்டு அவள் குரலுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பிந்தி ஓடிவருவாய். நீ நர்சிங் படிக்கப் போன பிறகும், அயர்லாந்துக்குப் போன பிறகும் உன் அம்மா செல்லக்கனி ஒருத்தியே அந்தப் பக்கத்தைத் தாங்கினாள். இப்போது அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. நீங்களே இரண்டையும் வாசிக்க வேண்டியதுதானே என்பாய். வாசித்துப் பார்த்தேன் மகளே. காலி வண்டியில் நானே டிக்கெட் கேட்டு நானே கிழித்துக் கொடுத்துக்கொண்டது போல இருந்தது. அதனால் என் வசனத்தை வாசித்துவிட்டு, அம்மா வாசிக்க எடுக்கும் நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு என் அடுத்த வசனத்துக்குப் போகிறேன். அந்தச் சும்மா இருக்கிற நேரம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். மாடியில் குக்கர் விசில் அடிக்கும். எதிரே அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அவளை அடக்கம் பண்ணினபோது அழாதவன் அந்த நேரத்தில்தான் அழுகிறேன்.

நூற்றிருபத்தோராம் சங்கீதம்தான் நமக்கு என்றைக்கும். அதைப் பாதியாக வாசித்தால் என்ன ஆகிறது என்று இத்தனை வயதுக்குப் பிறகு கண்டுபிடித்தேன். முதல் வசனத்தில் ஒத்தாசை வருகிற பர்வதத்துக்கு நேராகக் கண்ணை உயர்த்துகிறேன். அந்த ஒத்தாசை யாரிடமிருந்து வருகிறது என்ற பதில் இரண்டாம் வசனத்தில் இருக்கிறது, அது அம்மாவுடைய வசனம். ஆகவே தினமும் நான் மலையைப் பார்ப்பதோடு சரி. பர்வதம் என்றாலே எனக்கு அம்பாசமுத்திரம் தாண்டியதும் முன்கண்ணாடி முழுக்க நிறைந்து நிற்கும் பாபநாசத்து மலைதான். அந்த மலையிலிருந்து ஆறு இறங்கி, அத்தனை வயலுக்கும் பாய்ந்து, மிச்சம் நம் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறதே, இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்து விசுவாசித்தவன் நான். மலை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. முழங்காலில் நின்றால் ஸ்தோத்திரம் என்கிற ஒரு சொல்லுக்கு மேல் எனக்குத்தான் வாய் வரவில்லை. நீ ஜெபத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது நான் உன்னைக் கண்டிக்காததற்கு இதுதான் காரணம். பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், திட்டக்கூடாது. போன மாதம் தொண்டை கட்டியிருக்கிறது என்று போனில் சொன்னேன் இல்லையா, அது தொண்டையோடு நிற்கவில்லை. காய்ச்சல் கூடி, நெஞ்சில் சளி இறங்கி, எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்க முடியாமல் கிடந்தேன். உன்னிடம் சொன்னால் அங்கே வேலை ஓடாமல் நீ போனைப் பிடித்துக்கொண்டு அழுவாய், அதனால் சொல்லவில்லை. மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற சுப்ரஜாதான் வந்து பார்த்தாள். சென்னை அம்பத்தூர்ப் பெண், அவளுக்கும் அவள் கணவனுக்கும் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தவள் ரசம் கொண்டுவந்து கதவைத் தட்டி, திறக்காமல் போகவே தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அங்கிள் என்றாள். எனக்கு என்னவோ என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று தோன்றியது. ஜெபம் பண்ணாமல் இறங்க மனசு இல்லை. முதலில் போய் நம்ம கோயில் ஐயரைக் கூட்டிட்டு வாம்மா, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அந்தப் பெண்ணும் ஓடினாள்.

நடந்தது உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். திருநெல்வேலிக் கிறிஸ்தவனுக்குக் கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் குருவானவர் என்று அம்பத்தூர்க்காரிக்கு எந்தச் சாமி வந்து சொல்லும். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் போய் இங்கே ஐயர் யார் என்று கேட்டிருக்கிறாள். அங்கே ஹரிஹரசுப்பிரமணியன் சாஸ்திரிகள் நின்றிருக்கிறார். வீடு பால் காய்ச்சுவதற்கும் திவசத்துக்கும் போகிறவர், ஸ்கூட்டரில் போகும்போது எனக்குக் கையை ஆட்டுவார், அதற்கு மேல் பழக்கம் இல்லை. ஒரு பெரியவர் உயிருக்குப் போராடுகிறார், ஐயரைக் கேட்கிறார் என்று இவள் சொன்னதும் அவரும் தர்ப்பையும் பஞ்சாங்கமும் இருந்த பையோடு அப்படியே வந்துவிட்டார். வந்தவர் சுவரில் கிறிஸ்து இந்த வீட்டின் தலைவர் என்ற பலகையைப் பார்த்தார், வசன காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அம்மாடி, நீ தப்பான ஐயரைன்னா கூட்டிண்டு வந்துட்டே, இவர் கேக்கற ஐயர் வெள்ளை அங்கி போட்டுண்டிருப்பாரே என்றார். சுப்ரஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கடைசி நேரத்துல உங்க தாத்தா காலத்துச் சாமி ஞாபகம் வந்துடுச்சோன்னு நினைச்சிட்டேன் அங்கிள் என்றாள். எனக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது. இருமலும் சேர்ந்து வந்தது. அம்மா போனதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நம் ஐயருக்குப் போன் போட்டார்கள், அவர் கூட்டத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார். சுப்ரஜா ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றாள். சாஸ்திரிகள் கிளம்புவார் என்று பார்த்தால் கிளம்பவில்லை. வந்தது வந்துட்டேன், ஆட்டோ வர்ற வரைக்கும் வெறுமனே நிக்கறதுக்கு உங்களோடதையே படிக்கறேனே, எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்கோ என்றார். புறவாசல் குழாயில் கையும் காலும் அலம்பிக்கொண்டு வந்து, என் வேதப்புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் யாரையும் நான் உட்கார விட்டதில்லை, அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இல்லை. நூற்றிருபத்தொன்று என்றேன், பக்கத்தைத் திருப்பிக் கண்டுபிடித்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் பழக்கதோஷத்தில் முதல் வசனத்தை நான் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அடுத்தது தன்னுடைய முறை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, இரண்டாவது வசனத்தை வாசித்தார்.

பியூலா, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வரவில்லை. ஒத்தாசை வரும் என்று ஒருவர் எனக்குப் பதில் சொல்கிறார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வரும் என்று, மந்திரம் சொல்லிப் பழகிய நீட்டல் குரலில், என் மனைவியின் நாற்காலியில் இருந்து சொல்கிறார். நான் மூன்றாவதைச் சொன்னேன், அவர் நான்காவதை வாசித்தார், இஸ்ரவேலில் மட்டும் கொஞ்சம் தடுக்கியது. ஏழாவதில் நான் ஆத்துமா என்றதும், அது ஆத்மாதானே ஓய், நடுவுல எதுக்கு ஒரு து என்று இடையில் ஒரு கேள்வி வேறு. எங்க சமஸ்கிருதம் பாதி உங்க புஸ்தகத்துலன்னா குடியிருக்கு என்று சிரித்துவிட்டு எட்டாவதுக்கு வாயெடுத்தார். நான் கையைத் தூக்கி நிறுத்திவிட்டேன். எட்டாவது வேண்டாம் சாமி, அது என் மகளுக்கு உள்ளது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, காய்ச்சலில் சொன்னதுதான். எங்கே இருக்கா என்று கேட்டார். அயர்லாந்து என்றேன். அப்போ அவளுக்கே இருக்கட்டும் என்று சொல்லி, பக்கத்தில் நாடாவை வைத்து மூடினார்.

ஆட்டோ வந்ததும் என்னால் நடக்க முடியவில்லை. அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்துச் சாஸ்திரிகள் ஒரு பக்கமும் ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் தூக்கினார்கள், சுப்ரஜா பின்னால் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர்வாள், தனியா இருக்கேள்னு சொன்னா, சமையல் நன்னாத்தான் நடக்கறது போலிருக்கே என்று மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீயே பார்த்துக்கொள். மறுநாள் நம் ஐயர் ஓடிவந்தார். எனக்கு முன்னாலயே ஒரு ஐயர் வந்து ஊழியத்தை முடிச்சிட்டுப் போயிட்டாராமே என்று கேட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சிரித்து, பிறகு ஜெபமும் பண்ணினார்.

ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது கைகால் விழுந்துபோன அந்தத் திமிர்வாதக்காரன் ஞாபகம் வந்தான். மாற்கு இரண்டாம் அதிகாரம், ஞாயிறு பள்ளியில் நீ படம் வரைந்து பரிசு வாங்கிய கதை. நாலு பேர் அவனைப் படுக்கையோடு தூக்கிவருகிறார்கள், வாசலில் கூட்டம், உள்ளே போக வழி இல்லை, கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் எவ்வளவு சத்தம் போட்டிருப்பார் என்றுதான் அம்மா எப்போதும் கவலைப்படுவாள். எனக்கு அன்றைக்கு வேறொன்று உறைத்தது. படுக்கையில் கிடந்தவன் அந்தக் கதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் விசுவாசித்தான் என்று எங்கேயும் இல்லை. ஜெபம் பண்ணினான் என்று இல்லை. தூக்கிட்டுப் போங்கள் என்று கேட்டான் என்றுகூட இல்லை, விடுங்கடா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு என்றுதான் இருக்கிறது. தூக்கிவந்தவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுவிட்டு, கிடந்தவனைப் பார்த்து மகனே என்கிறார், உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறார். நான் டிக்கெட் கொடுத்துப் பிழைத்தவன், ஆளுக்கு ஆள் டிக்கெட் வேண்டும் என்று சண்டை போட்டவன். இங்கே ஒருவன் கையில் ஒன்றுமே இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறான். அதே புத்தகத்தில் இன்னொரு தகப்பன் வருகிறான், பிள்ளைக்கு வலிப்பு, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசத்துக்கு நீரே உதவி செய்யும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். பாதி விசுவாசத்தோடு வந்தவனை முழுசாகக் கொண்டுவா என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை எழுந்துவிட்டான்.

இதை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உன் பாலம்மாள் அத்தை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாங்குநேரியிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் இப்போது வேறு சபை, பார்க்கிறவர்களிடமெல்லாம் நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க என்று கேட்பாள். என்னிடமும் கேட்டாள். வேலையில் சேர்ந்த தேதி தெரியும், கல்யாணத் தேதி தெரியும், அந்தத் தேதி அவருக்குத்தான் தெரியும் என்றேன். அம்மாவின் வருஷ நினைவு ஜெபத்துக்கு நீ வரமாட்டேன் என்று செய்தி அனுப்பியதை அவளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது, வாய் சும்மா இருக்கவில்லை. உடனே ஆரம்பித்துவிட்டாள். மைனி மோட்சத்துல இருக்காவ அண்ணே, இவ இப்படியே நின்னுட்டான்னா தாயும் பிள்ளையும் அங்கன போயும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட முடியாது என்றாள். அதோடு விட்டாளா. நான் அன்னிக்கே ஆஸ்பத்திரியில வச்சு அவகிட்ட சொன்னேன், ஏட்டி, நாங்க எல்லாரும் விசுவாசத்தோட நிக்கோம், நீ அந்த மிஷினையே பாத்துக்கிட்டு நிக்க, உன் அவிசுவாசம்தான் உங்கம்மா சுகத்துக்குத் தடையா நிக்குன்னு சொன்னேன் என்றாள்.

எனக்குக் கையில் இருந்த காபியைக் குடிக்க முடியவில்லை. இத்தனை மாதம் நீ இதை என்னிடம் சொல்லவே இல்லையே மகளே. நீ அம்மா கட்டில் பக்கத்தில் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்றால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அறையில் உனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். நாங்கள் எல்லோரும் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தோம், அவளுக்கு வாய் காய்ந்தபோது பஞ்சில் நனைத்து வைத்தவள் நீ. என் மகள்மேல் அவள் தாயின் சாவைச் சுமத்தி, அந்தச் சுமையோடு விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், இது தெரியாமல் நான் உன்னிடம் போனில் ஜெபம் பண்ணினாயா ஜெபம் பண்ணினாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை எழுந்து போகச் சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் பயத்தில் பேசுகிறவள், தன் பிள்ளைகளுக்காகவும் தினமும் அதே பயம். அதனால் இவ்வளவுதான் சொன்னேன். பாலம்மா, அந்த நாலு பேரில் ஒருத்தியா நின்னு ஒரு மூலையைப் பிடிக்கதுன்னா பிடி, இல்லாட்டி கூரையைப் பிரிக்காதேன்னு சத்தம் போடு, படுக்கையில கிடக்கவளைப் பாத்து நீ ஏன் எந்திரிச்சு நடக்கலன்னு மட்டும் கேக்காதே என்றேன். போகும்போது காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்காகப் பண்ணின ஜெபம் என்ன ஆனது என்று நீ கேட்டாய். எனக்குப் பதில் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை இப்போது எனக்குப் பிடிக்கவும் இல்லை. இந்த லெந்து உபவாச நாட்களில், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நடந்ததை வாசிக்கும்போது ஒன்றுதான் தோன்றுகிறது, இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று வியர்க்க வியர்க்க ஜெபித்தவர் ஆண்டவரே. அது நீங்கவில்லை. உன் விசுவாசம் போதாது என்று அவரிடம் யாரால் சொல்ல முடியும். கேட்டது கிடைக்காமல் போன இடத்தில் அவரும் முகங்குப்புற விழுந்து கிடந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இப்போதைக்கு இருக்கிற சுவிசேஷம். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

நினைவு ஜெபம் உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த வாரம். பொய்யாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார என்னால் முடியாது அப்பா என்று எழுதியிருந்தாய். கண்ணைத் திறந்துகொண்டே உட்காரு. யார் பார்க்கப்போகிறார்கள், மற்றவர்கள் எல்லாம் மூடிக்கொண்டுதானே இருப்பார்கள். உட்காரவும் முடியவில்லை என்றால் அடுக்களையில் நில், வந்தவர்களுக்கு யாராவது சோறு வடிக்க வேண்டும், சமையல் வேலையிலேயே நின்ற மார்த்தாளை ஆண்டவர் கோபித்துக்கொண்டாரே தவிர வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. உன்னிடம் யாரும் தேதி கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக ஜெபம் பண்ணாதீங்க, பாரமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாய். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது மகளே. படுக்கையின் மூலையைப் பிடித்த கையை விட்டால் நீ அல்லவா சரிவாய். பாரம் தூக்குகிறவனுக்குத்தான், உனக்கு இல்லை, நீ சும்மா கிட. என்னாலும் தூக்க முடியாத நாளில் என்னைத் தூக்கத் தப்பான ஐயரையாவது அனுப்புகிறவர் இருக்கிறார் என்று பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து ஸ்தோத்திரம் என்ற சொல்லுக்குப் பிறகு உன் பேரும் வாயில் வருகிறது. இப்போதைக்கு என் ஜெபம் அந்த இரண்டு சொல்தான்.

ஆனால் எனக்கு இங்கே தனியாக இருக்கிறது பியூலா. அதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் ஆத்துமாவைப் பற்றிய பயத்தைவிட, இந்தச் சாயங்கால வேளையில் அந்தப் பக்கத்தில் ஒரு குரல் இல்லாததுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. நீ வந்து நம்பிக்கையோடு வாசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாஸ்திரிகள் என்ன நம்பியா வாசித்தார். எனக்குச் சத்தம் கேட்டால் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு, வார்டில் நின்றே வேலை பார்க்கிறவள் காலுக்குச் சாயங்காலம் வெந்நீர் ஊற்று, உப்பைக் குறை. மருமகனுக்கு என் அன்பைச் சொல். வருவதாக இருந்தால் டிக்கெட் போட்டதும் ஒரு வரி அனுப்பு, உமர் பாரூக் தன் காரில் வந்து உன்னைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார், ஹாரனை உனக்குத் தருவாராம். வராவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், நாற்காலியை அப்படியே வைத்திருப்பேன். கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அவர் முகம் உன்மேல் வெளிச்சமாக இருக்கட்டும், நீ அந்த முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றாலும் உன் முதுகிலாவது அந்த வெளிச்சம் விழட்டும்.

ஒன்றை மறக்காதே. நீ முதல் தடவை புறப்பட்ட அன்று தூத்துக்குடி ஏர்போர்ட் வாசலில் அம்மா உன் தலையில் கைவைத்து எட்டாவது வசனத்தைச் சொன்னாள், நீயும் அவளோடு சொன்னாய், உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார் என்று. இப்போது நான் தினமும் ஏழாவதோடு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நாடாவை வைத்து மூடுகிறேன். எட்டாவதை நான் வாசிக்கவில்லை, வேறு யாரையும் வாசிக்க விடவும் இல்லை. உன் போக்கு ஆகிவிட்டது மகளே. வரத்துதான் பாக்கி.

உன் அப்பா,
அருமைநாயகம்.